தண்ணீரில் நிற்கும் செடிக்கு ஏன் வறட்சி நிலத்து இலை?

வறண்ட நிலத்துச் செடியின் இலை எப்படி இருக்கும் என்று கேட்டால், பள்ளிப் பாடம் கொஞ்சம் நினைவிருக்கும் யாரும் சொல்லிவிடுவார்கள். சின்னதாக, விறைப்பாக, மெழுகு தடவினாற்போல் இருக்கும். ஈரம் வீணாகாமலிருக்க விளிம்பு உள்நோக்கிச் சுருண்டிருக்கும். சரி, அதே இலை, வேரெல்லாம் ஆண்டு முழுக்கத் தண்ணீரில் ஊறிக் கிடக்கும் ஒரு செடியில் இருந்தால்?

சதுப்பு ரோஸ்மேரி அப்படிப்பட்ட செடி. ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யா, அயர்லாந்து, கனடா, அலாஸ்கா, ஜப்பானின் வடபகுதி என்று வடக்கின் குளிர் நாடுகளில் பீட் என்னும் மக்காத தாவரப் பொருள் படிந்த சதுப்புகளில் வளர்கிறது. உயரம் பெரும்பாலும் 10 முதல் 40 செ.மீ. வரை, அதாவது முழங்கால்கூட எட்டாது. இலை ஊசிபோல் நீண்டு, ஒன்று முதல் ஐந்து செ.மீ. நீளம் இருக்கும். மேற்புறம் நீலம் கலந்த கரும்பச்சை. புரட்டிப் பார்த்தால் அடிப்புறம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருக்கும். குளிர்காலத்தில் பக்கத்துச் செடிகள் மொட்டையாக நிற்க, இது இலையோடு பனிக்குள் புதைந்து கிடக்கும். பனி உருகியதும் அதே பழைய இலையோடு வெளியே வரும்.

ரோஸ்மேரி என்ற பெயரைப் பார்த்துச் சமையலறை நினைவு வரவேண்டாம். இலையின் தோற்றம் ஒன்றுபோல் இருப்பதால் வந்த பெயர் இது. சமையல் ரோஸ்மேரி துளசியின் குடும்பம். இதுவோ புளூபெர்ரி, கிரான்பெர்ரி, ரோடோடென்ட்ரான் ஆகியவை சேர்ந்த எரிக்கேசி குடும்பம். ஒன்றின் இலையைக் குழம்பில் போடலாம். மற்றொன்றின் இலையைப் போட்டால் மருத்துவமனைக்குப் போகவேண்டி வரும். அந்தக் கதையைப் பிறகு பார்ப்போம். அறிவியல் பெயர் ஆண்ட்ரோமெடா பாலிஃபோலியா. பின்லாந்துக்காரர்கள் இதைச் 'சுவோகுக்கா' என்கிறார்கள், சதுப்பின் பூ என்று பொருள். குறிஞ்சிப் பூ தன் நிலத்துக்கே பெயர் கொடுத்தது. இங்கே நிலம் பூவுக்குப் பெயர் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இலையின் புதிருக்கு விடை காண, முதலில் அது நிற்கும் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

வானம் பார்த்த சதுப்பு

சதுப்பு என்றதும் சேறும் நாணலும் கொழுத்த தாவரங்களும் நினைவுக்கு வரும். ஆற்றங்கரைச் சதுப்புகள் அப்படித்தான். வெள்ளம் கொண்டுவரும் வண்டல் அவற்றுக்கு உரம். பீட் சதுப்பு வேறு ஜாதி. பனியுகம் முடிந்து பனிப்பாளங்கள் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற பள்ளங்களிலும் ஏரிகளிலும், நீர் வடியாத மேட்டுச் சமவெளிகளிலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செத்த தாவரம் மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து உருவானது. அப்படிப் படிந்த பழுப்புப் பொருள்தான் பீட். ஆண்டுக்குச் சராசரி ஒரு மில்லிமீட்டர் ஏறும் என்பது பொதுவான கணக்கு. அப்படியென்றால் ஒரு மீட்டருக்கு ஆயிரம் ஆண்டு.

பீட் ஏற ஏற, சதுப்பின் மேற்பரப்பு சுற்றியுள்ள நிலத்தைவிட உயர்ந்து, மெல்லக் கவிழ்த்து வைத்த தாம்பாளம்போல் ஆகிவிடுகிறது. அதற்கப்புறம் நிலத்தடி நீரோ ஓடை நீரோ அதன் உச்சிக்கு எட்டாது. மேலே வளரும் செடிக்குக் கிடைப்பதெல்லாம் மழையும் பனியும், அவற்றோடு வரும் தூசியும் மட்டும்தான். வானம் பார்த்த பூமி என்ற சொல்லை நாம் தண்ணீர் இல்லாத நிலத்துக்குச் சொல்கிறோம். இங்கே தண்ணீருக்குக் குறைவே இல்லை, ஆனாலும் இது வானம் பார்த்த பூமிதான். தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சுண்ணாம்பும் வானத்திலிருந்து எவ்வளவு விழுமோ அவ்வளவுதான் இந்த நிலத்தின் வரவு.

இந்த இடத்தைக் கட்டியாளும் முதலாளி ஸ்பேக்னம் என்ற பாசி. அதன் உடலில் பாதிக்கு மேல் செத்த வெற்றுச் செல்கள். சுவரில் துளையிட்ட காலிக் குடங்களாக அவை நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காய்ந்த எடையைப்போல் இருபது மடங்கு நீரை ஒரு பாசிக்கொத்து பிடித்துவைக்க முடியும். அதோடு, மழையில் வரும் கால்சியம், மக்னீசியம் போன்ற அயனிகளைப் பிடித்துக்கொண்டு பதிலுக்கு ஹைட்ரஜன் அயனியை வெளியே விடுகிறது. விளைவு, நீர் தக்காளிச் சாற்றின் அளவுக்குப் புளித்துவிடும். பிஎச் 4-ஐ ஒட்டி நிற்கும். புளிப்பும் குளிரும் ஆக்சிஜன் இன்மையும் சேர்ந்தால் மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு வேலை ஓடாது. டென்மார்க்கில் 1950-இல் பீட் வெட்டியவர்கள் ஒரு பிணத்தைக் கண்டு, அண்மையில் நடந்த கொலை என்று நினைத்துக் காவல்துறைக்குச் சொன்னார்கள். டோலண்ட் மனிதன் என்று இன்று அறியப்படும் அந்த ஆள் இறந்து இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. முகத்தில் தாடி முளைத்த தடயம்கூடத் தெரிந்தது. பிணமே அழுகாத இடத்தில் உதிர்ந்த இலை மக்கி உரமாகும் என்று ஒரு செடி காத்திருக்க முடியுமா?

சதுப்பு ரோஸ்மேரியின் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடக்கிறது.

லின்னேயஸ் பார்த்த இளவரசி

புதிரை அவிழ்க்கும் முன் பெயர்க் கதையைச் சொல்லிவிடுகிறேன். தாவரவியலில் இவ்வளவு நாடகத்தோடு சூட்டப்பட்ட பெயர் குறைவு.

1732 மே 12 அன்று ஸ்வீடன் தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸ் உப்சாலா நகரிலிருந்து தனியாகக் குதிரையில் லாப்லாந்துக்குக் கிளம்பினார். 25 வயது நிறைய அவருக்கு இன்னும் ஒரு நாள்கூட முழுதாக இல்லை. உப்சாலா அரச அறிவியல் கழகம் செலவுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்திருந்தது. லிக்செலே பகுதிச் சதுப்புகளில் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. முழங்கால் ஆழத்துக்குப் பனிநீர், அடியில் உறைந்த பனிக்கட்டி, மேலே மழை. கிரேக்கர்களின் நரக நதியான ஸ்டிக்ஸின் பெயரைத்தான் அந்த இடத்துக்கு வைத்தார். எந்தப் பாதிரியார் வருணித்த நரகமும் இதைவிட மோசமாக இருக்க முடியாது என்று குறிப்பேட்டில் எழுதினார்.

அதே பயணத்தில்தான் இந்தச் செடியைப் பூத்த கோலத்தில் கண்டார். மொட்டு ரத்தச் சிவப்பு, விரிந்ததும் வெளிறிய இளஞ்சிவப்பு. சதுப்பின் நடுவே ஒரு மேட்டில், கால்களை நீர் நனைக்க, தலையைக் குனிந்தபடி நின்றது. லின்னேயஸுக்கு உடனே நினைவுக்கு வந்தவள் ஆண்ட்ரோமெடா. தாய் காசியோப்பியா தன் மகளின் அழகைப் பற்றிப் பெருமையடிக்க, கடல் தெய்வம் கோபித்துக் கொடிய கடல்விலங்கு ஒன்றை ஏவ, அதற்கு இரையாகக் கடற்பாறையில் சங்கிலியால் கட்டப்பட்ட இளவரசி. அவள் காலைக் கடலலை நனைத்ததுபோல் செடியின் வேரைச் சதுப்பு நீர் நனைக்கிறது. அவளைச் சுற்றிக் கடல்விலங்கு என்றால் இவளைச் சுற்றித் தவளையும் தேரையும். துயரத்தில் அவள் முகம் வெளிறியது, இங்கே பூவின் நிறம் வெளிறுகிறது. கடைசியில், அவளை மீட்ட வீரன் பெர்ஸியூஸைப்போல் கோடை வந்து நீரை விரட்ட, குனிந்திருந்த தலை காயாகி நிமிர்கிறது.

இதை எழுதியதோடு விடாமல் குறிப்பேட்டில் படமும் வரைந்தார், பாறையில் கட்டுண்ட பெண் ஒருபுறம், செடி மறுபுறம் என்று. ஓவியத் திறமை சுமார்தான். ஆனால் கவனித்துப் பாருங்கள், உவமைக்குள் இருப்பதெல்லாம் சரியான களக்குறிப்பு. பூ கவிழ்ந்திருப்பது, நிறம் மாறுவது, காய் நிமிர்வது, மேட்டில் வளர்வது எல்லாம் உண்மை. 1737-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான அவருடைய லாப்லாந்துத் தாவர நூலில் பெயர் நிலைத்தது. 1753-இல் இரட்டைப் பெயர் முறையில் ஆண்ட்ரோமெடா பாலிஃபோலியா ஆனது. பாலிஃபோலியா என்பதற்குப் 'போலியம்' என்ற செடியின் இலையைப் போன்ற இலை உடையது என்று பொருள்.

ஒரு காலத்தில் ஆண்ட்ரோமெடா பெரிய கூட்டுக்குடும்பம். கவிழ்ந்த குடம்போல் பூக்கும் குறுஞ்செடி எது கிடைத்தாலும் அதற்குள் தள்ளினார்கள். 1834-இல் டேவிட் டான் என்ற தாவரவியலாளர் பாகப்பிரிவினை நடத்தினார். பிரிந்து போனவற்றுக்கு அவரும் லின்னேயஸ் பாணியிலேயே பெயர் வைத்தார்: காசியோபி, லியூகோதோயி, பியரிஸ், ஸெனோபியா என்று புராணப் பெண்களும் ஒரு ராணியும். அதில் காசியோபி வேறு யாருமல்ல, ஆண்ட்ரோமெடாவின் அம்மா. எல்லோரும் போனபின் வீட்டில் மிஞ்சியது சதுப்பு ரோஸ்மேரி மட்டும். வட அமெரிக்க வடிவத்தைத் தனி இனமாகக் கொள்வதா, இதன் வகையாகக் கொள்வதா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு உண்டு.

தாகமா, பசியா?

இப்போது இலைக்கு வருவோம். இந்த முரணை முதலில் கோட்பாடாக விளக்கியவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் ஷிம்பர். 1898-இல் அவர் சொன்ன விளக்கம் இது: சதுப்பில் நீர் இருக்கிறது, ஆனால் செடிக்குக் குடிக்க முடியவில்லை. குளிர்ந்த நீரை வேர் மெதுவாகத்தான் உறிஞ்சும். நீரில் கரைந்த அமிலங்களும் தடை செய்யும். மேலே காற்றும் வெயிலும் இலையை உலர்த்த, கீழே வேர் செயலற்று நிற்க, செடி உடலளவில் வறட்சியில்தான் வாழ்கிறது. 'உடலியல் வறட்சி' என்று இதற்குப் பெயர். கடலில் மிதப்பவன் தாகத்தால் சாவதுபோல.

அழகான விளக்கம். பல ஆண்டுகள் பாடப்புத்தகங்களில் இருந்தது, இன்னும் சிலவற்றில் இருக்கிறது. எனக்கு அதில் ஓர் இடறல் உண்டு. அதே சதுப்பில், அதே குளிர்நீரில், கிளவுட்பெர்ரி என்ற பழச்செடி விரிந்த அகல இலையோடு நிற்கிறது. கோடை முழுக்க அது வாடுவதாகத் தெரியவில்லை. நீர் குடிக்க முடியாததுதான் சிக்கல் என்றால் கிளவுட்பெர்ரிக்கும் அதே சிக்கல் இருக்கவேண்டுமே?

அடுத்த துப்பு எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. ஆஸ்திரேலியாவின் புதர்க்காடுகளிலும் விறைத்த சிறிய இலைச் செடிகள் ஏராளம். வறட்சிதான் காரணம் என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள். நோயல் பீடில் என்பவர் 1950-களிலும் 60-களிலும் காட்டியது வேறு: மணிச்சத்து மிகக் குறைந்த மண்ணில்தான் இந்த வகை இலை குவிகிறது. சத்து போதாதபோது செடியால் மென்மையான, புரதம் நிறைந்த பெரிய இலையைக் கட்ட முடியாது. ஆனால் வெளிச்சமும் கரியமில வாயுவும் தட்டில்லாமல் கிடைப்பதால் மாவுச்சத்தும் நாரும் எவ்வளவு வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். எனவே இலை சிறுத்து, நாரேறி, மெழுகேறி விறைத்துப் போகிறது. பார்ப்பவருக்கு வறட்சி இலையாகத் தெரிவது உண்மையில் பஞ்சத்து இலை.

1966-இல் கார்ல் மங்க் என்ற அமெரிக்கர் இந்த யோசனையை இலையின் ஆயுளோடு முடிச்சுப் போட்டார். இலையுதிர்க்கும் மரம் ஒவ்வோர் ஆண்டும் தன் சத்தில் ஒரு பகுதியை மண்ணில் கொட்டுகிறது. உதிர்ப்பதற்குமுன் தழைச்சத்தில் பாதிக்குமேல் தண்டுக்குத் திரும்ப இழுத்துக்கொள்ளும் என்றாலும், மீதி போனது போனதுதான். வளமான காட்டில் அது மக்கி, மறு ஆண்டே வேருக்குத் திரும்பிவரும்; வங்கியில் போட்ட பணம் மாதிரி. பீட் சதுப்பில் உதிர்ந்த இலை, டோலண்ட் மனிதனைப்போல் அப்படியே படுத்துவிடும். போட்ட பணம் திரும்பி வராத ஊரில், செலவு செய்யாமல் இருப்பதுதான் ஒரே வழி. இலையை உதிர்க்காதே, ஒரு தடவை கட்டியதை இரண்டாம் கோடையும் பயன்படுத்து.

1972-இல் கனடாவின் எர்னஸ்ட் ஸ்மால் பீட் சதுப்புச் செடிகளில் இதை அளந்தே பார்த்தார். ஒரு நாளில் எவ்வளவு ஒளிச்சேர்க்கை என்று பார்த்தால், பசுமைமாறாச் செடியின் இலை மந்தமானதுதான்; இலையுதிர்க்கும் செடியோடு போட்டி போடமுடியாது. ஆனால் கணக்கை மாற்றிப் போட்டார். ஒரு கிராம் தழைச்சத்து இலைக்குள் போய், உதிர்ந்து தொலைந்து போகும்வரை மொத்தம் எவ்வளவு மாவு தயாரிக்கிறது? இந்தக் கணக்கில் பசுமைமாறாச் செடி முந்திவிட்டது. மெதுவாக உழைத்தாலும் பல மாதம் உழைக்கிறது. பனி உருகிய மறுநாளே வேலைக்குத் தயாராக நிற்கிறது, கொழுந்து விட்டு நேரம் கடத்துவதில்லை.

ஆக, ஆண்டு முழுதும் பச்சையாக இருப்பது இங்கே செழிப்பின் அறிகுறி இல்லை. நாம் வெப்ப மண்டலத்து ஆட்கள், பசுமை என்றாலே வளம் என்று நினைத்துப் பழகிவிட்டோம். சதுப்பு ரோஸ்மேரியின் பசுமை, பழைய சட்டையைத் துவைத்துத் துவைத்து உடுத்துகிறவனின் மிடுக்கு.

ஷிம்பர் முழுக்கத் தப்பு என்று சொல்லிவிட முடியாது. வசந்தத்தில் வெயில் அடிக்கும்போது வேர் இன்னும் உறைந்த பீட்டில் இருந்தால் இலைக்கு நிஜமான தாகம் எடுக்கும்; அப்போது மெழுகும் சுருண்ட விளிம்பும் உதவத்தான் செய்யும். வெள்ளை அடிப்புறத்துக்கு இன்னொரு பயனையும் சொல்வார்கள். இலைத்துளைகள் அடியில்தான் இருக்கின்றன. மூடுபனியும் தூறலும் ஓயாத இடத்தில் அவற்றின்மேல் நீர்ப்படலம் மூடினால் வாயு உள்ளே போகாது. மெழுகு நீரை ஒட்டவிடாமல் உருட்டித் தள்ளும். ஒரே உறுப்புக்கு மூன்று வேலை இருப்பதில் வியப்பில்லை. ஆனால் எது முதல் வேலை என்று கேட்டால் நான் சிக்கனத்தின் பக்கம்தான் நிற்பேன்.

வேருக்குள் குடியிருக்கும் பூஞ்சை

சிக்கனம் மட்டும் போதாது, கொஞ்சமாவது வரவு வேண்டுமே. பீட்டில் தழைச்சத்து இல்லாமல் இல்லை. நிறையவே இருக்கிறது, ஆனால் மக்காத புரதமாகவும் வேறு கரிமப் பொருளாகவும் பூட்டிக் கிடக்கிறது. சாதாரண வேரால் அந்தப் பூட்டைத் திறக்க முடியாது.

அண்டை வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். பனித்துளிச் செடி என்று நாம் சொல்லும் டிரோசரா பூச்சியைப் பிடித்துத் தின்கிறது. சதுப்பு மிர்ட்டில் தன் வேர்முடிச்சில் பாக்டீரியாவைக் குடிவைத்துக் காற்றிலிருந்தே தழைச்சத்து எடுக்கிறது. எரிக்கேசி குடும்பத்துக்காரர்களோ பூஞ்சையோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். இவர்களுடைய நுனிவேர் தலைமுடியைவிட மெலிந்தது. அதன் வெளிச் செல்களுக்குள் பூஞ்சை நுழைந்து நூல்கண்டுபோல் சுருண்டு உட்கார்ந்துவிடும். வெளியே நீளும் அதன் இழைகள் நொதிகளைச் சுரந்து புரதத்தை உடைக்கும். கிடைத்த தழைச்சத்தில் செடிக்குப் பங்கு, பதிலுக்குச் செடி சர்க்கரை தரும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் ரீட் 1970-களில் தொடங்கி இந்தப் பூஞ்சையைப் பிரித்து வளர்த்து, அமினோ அமிலம், புரதம் போன்றவற்றிலிருந்து அது சத்தெடுத்துச் செடிக்குக் கடத்துகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். மாவு உபரி, தழைச்சத்து பற்றாக்குறை என்று வாழும் செடிக்கு இது லாபமான பண்டமாற்று.

வேருக்கு இன்னொரு தலைவலியும் உண்டு: தரை நகர்கிறது. ஸ்பேக்னம் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே இருக்கும். சும்மா நின்றால் செடி உயிரோடு புதைந்துபோகும். நீர்மட்டத்துக்குக் கீழே ஆக்சிஜன் இல்லாததால் பழைய வேர் மூச்சுத்திணறும். சதுப்பு ரோஸ்மேரி தண்டைப் பாசிக்குள்ளேயே படரவிட்டு, புதையும் இடத்திலெல்லாம் புது வேர் விட்டு, நுனியைமட்டும் வெளியே தூக்கிக்கொள்கிறது. மாடிப்படி ஏறுவதுபோல் பாசியோடு சேர்ந்து ஏறும். நாம் மேலே காண்பது நான்கைந்து குச்சிகள். பாசியை விலக்கினால் கிடைமட்டத் தண்டுகள் நீண்டு ஓடும். ஒரு திட்டில் தனித்தனிச் செடிகளாகத் தெரிபவை பலவும் ஒரே செடியாக இருக்கும். விதை ஏராளமாக விழும், ஆனால் அடர்ந்த பாசிமெத்தையில் நாற்று பிழைப்பது அரிது.

பூவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கிளை நுனியில் இரண்டு முதல் எட்டு வரை, பட்டாணி அளவுக் குடங்கள் கவிழ்ந்து தொங்கும். கவிழ்ந்திருப்பதால் மழைநீர் உள்ளே புகாது. மகரந்தப்பை நுனித் துளைவழியாக மகரந்தத்தை உதிர்க்கும். குளிரிலும் பறக்கக்கூடிய பம்பிள்தேனீக்கள் தொங்கியபடி வந்து எடுத்துச்செல்லும்.

காவலுக்கு நஞ்சு

ஓர் இலையை இரண்டு கோடைக்கு வைத்துக்கொள்ள முடிவெடுத்தால் அதற்குக் காவல் போட்டாகவேண்டும். கட்டுமானச் செலவு அதிகமான வீட்டைத் திறந்துபோட முடியாது. சதுப்பு ரோஸ்மேரியின் காவல் நஞ்சு. இந்த நஞ்சுக்கு ஆண்ட்ரோமெடோடாக்சின் என்ற பெயர் ஆண்ட்ரோமெடாவிலிருந்தே வந்தது. இப்போது கிரயனோடாக்சின் என்பதே வழக்கு. அதுவும் ஒரு தாவரப் பெயர்வழி வந்ததுதான்: ஏஸா கிரே என்ற தாவரவியலாளரின் பெயர் தாங்கிய ஜப்பானிய லியூகோதோயிலிருந்து.

நரம்பிலும் தசையிலும் சோடியம் அயனி நுழைய வாசல்கள் உண்டு. கணநேரம் திறந்து மூடவேண்டும். கிரயனோடாக்சின் அவற்றை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். வாயில் உமிழ்நீர் பெருகும், வாந்தி வரும், தலை சுற்றும், இரத்த அழுத்தம் விழும், இதயத் துடிப்பு மந்தமாகும். மேய்ச்சல் ஆடுகளுக்கு இது ஆபத்து. மனிதர்களில் பெரும்பாலும் ஒரு நாளில் தெளிந்துவிடும் என்றாலும் சும்மா விடக்கூடிய விஷயமில்லை.

இந்த நஞ்சின் புகழ்பெற்ற கதை சதுப்பிலிருந்து வெகுதூரத்தில் நடந்தது. கி.மு. 401-400-இல் பாரசீகத்திலிருந்து பின்வாங்கிய கிரேக்கக் கூலிப்படை கருங்கடல் கரையில், இன்றைய துருக்கியின் திராப்சோன் அருகே, கிராமங்களில் கிடைத்த தேனடையை வெளுத்துக்கட்டியது. கொஞ்சம் தின்றவன் குடிகாரனைப்போல் தள்ளாடினான், நிறையத் தின்றவன் பித்துப்பிடித்தவனைப்போல் கிடந்தான். தோற்ற படை மாதிரி தரையெங்கும் ஆட்கள். மறுநாள் தெளிந்தார்கள், யாரும் சாகவில்லை. படையை நடத்தியவர்களில் ஒருவரான ஸெனோஃபோனே இதை எழுதிவைத்திருக்கிறார். அந்தத் தேன் ரோடோடென்ட்ரான் பூக்களின் தேன். அவையும் எரிக்கேசிதான், அதே கிரயனோடாக்சின்தான்.

இன்றைக்குப் பெரிய குழப்பம் நேர்வது தேநீரில். கனடாவின் பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாகச் சதுப்பில் பறித்துக் குடிக்கும் பானம் லாப்ரடார் தேநீர். க்ரீ மொழியில் சதுப்புக்குரிய சொல்லிலிருந்துதான் கனடா ஆங்கிலத்தின் 'மஸ்கெக்' வந்தது. இந்தத் தேநீரையும் மஸ்கெக் தேநீர் என்பதுண்டு. அந்தச் செடியும் பசுமைமாறாக் குறும்புதர், அதுவும் எரிக்கேசி, இலை விளிம்பும் சுருண்டதுதான். பக்கத்திலேயே சதுப்பு ரோஸ்மேரியும் சதுப்பு லாரல் என்ற இன்னொரு நச்சுச்செடியும் நிற்கும். ஒரே பஞ்சத்துக்கு ஒரே வகை இலையை மூன்றும் கட்டியிருப்பதால் மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. இலையைப் புரட்டவேண்டும். லாப்ரடார் தேநீரின் முதிர்ந்த இலைக்கு அடியில் துருநிறக் கம்பளி இருக்கும். சதுப்பு ரோஸ்மேரிக்கு வெள்ளை மெழுகு, கம்பளி கிடையாது. லாரலுக்கும் அடி வெளுப்புதான், ஆனால் இலைகள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே இருக்கும், ரோஸ்மேரிக்கு மாறிமாறி. வம்பு என்னவென்றால் லாப்ரடார் தேநீரின் இளங்கொழுந்தில் துருநிறம் இன்னும் ஏறியிருக்காது. அதனால் தெரிந்தவர்கள் பழைய இலையைப் பார்த்து உறுதி செய்தபிறகுதான் கைவைப்பார்கள்.

தெற்கே ஒரு தீவு, மேற்கே ஓர் அகழி

வடக்கின் செடி என்றாலும் தெற்கே சில இடங்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் அடிவாரத்திலும் கார்பேத்தியன் மலைகளிலும் திட்டுத்திட்டாக உண்டு. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் கிரான்பெர்ரி கிளேட்ஸ் என்ற மலைச் சதுப்பு அந்தக் கண்டத்தில் இதன் தென்கோடி என்று சொல்லப்படுகிறது. சுற்றிலும் சாதாரண மலைக்காடு, நடுவில் குளிர்காற்று தேங்கும் ஒரு கிண்ணம், அதற்குள் கனடாவின் ஒரு துண்டு. பனியுகத்தில் தெற்கே தள்ளப்பட்டு, பனி வடக்கே போனபோது கூடப் போகாமல் தங்கிவிட்ட கூட்டம்.

அயர்லாந்தின் நடுப்பகுதியில் கதை வேறு. அங்கே தாம்பாளச் சதுப்புகளின் அடையாளமே இந்தச் செடி. ஆனால் பீட்டைக் காயவைத்தால் எரியும். பல நூற்றாண்டுகள் அடுப்புக்கு வெட்டினார்கள். 1946-இல் அரசு போர்ட் நா மோனா நிறுவனத்தை அமைத்தபிறகு இயந்திரங்கள் வந்தன, மின்நிலையங்களுக்கு மலைமலையாகப் பீட் போனது. வெட்டுவதற்குமுன் அகழி தோண்டி நீரை வடிப்பார்கள். நீர்மட்டம் இறங்கினால் காற்று புகும், மக்கத் தொடங்கும், ஸ்பேக்னம் காயும், பிர்ச் மரக்கன்றுகள் ஏறிவிடும். நிழல் விழுந்தால் சதுப்பு ரோஸ்மேரிக்குப் பிழைப்பில்லை. 2021 ஜனவரியில் அந்த நிறுவனம் பீட் வெட்டுவதை முறையாக நிறுத்திக்கொண்டது. இப்போது அகழிகளை அடைத்து நீர்மட்டத்தை ஏற்றும் வேலை நடக்கிறது. ஆஃபலி மாவட்டத்தின் கிளாரா சதுப்பில் மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், காலை நனைக்காமல் நடந்து பார்க்கலாம். உலகின் நிலப்பரப்பில் சுமார் 3 விழுக்காடே உள்ள பீட் நிலங்கள், எல்லாக் காடுகளின் மரங்களும் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிகக் கரியைப் பிடித்து வைத்திருப்பதால் அரசுகளுக்கும் இப்போது அக்கறை வந்திருக்கிறது.

தோட்டக்காரர்கள் பங்கும் இதில் உண்டு. 'காம்பாக்டா', 'புளூ ஐஸ்' போன்ற வகைகளைத் தொட்டியில் வளர்க்கிறார்கள், புளித்த மண் வேண்டும் என்று பீட்டையே வாங்கிப் போட்டு. ஒரு சதுப்பைத் தோண்டி இன்னொரு சதுப்புச் செடியை வளர்ப்பது எனக்கு உறுத்துகிறது. மரப்பட்டைத் தூள், தென்னைநார்த் துகள் என்று மாற்று தேடுவது இப்போது அதிகரித்திருப்பது நல்லதுதான்.

அகழியை அடைக்கலாம். அடைக்கமுடியாதது ஒன்று இருக்கிறது. கால்நடைப் பண்ணைகளின் சாணத்திலிருந்தும் உரமிட்ட வயல்களிலிருந்தும் எழும் அம்மோனியா, வாகனப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடு எல்லாம் மழையோடு இறங்குகின்றன. தாம்பாளச் சதுப்பு தாங்கக்கூடிய அளவு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 5 முதல் 10 கிலோ தழைச்சத்து என்று ஐரோப்பிய வல்லுநர்கள் வரம்பு வைத்திருக்கிறார்கள். நெதர்லாந்து போன்ற இடங்களில் அதைத் தாண்டி விழுகிறது. முதலில் ஸ்பேக்னம் வடிகட்டிபோல் அதைப் பிடித்துக்கொள்ளும். அது நிறைந்துவிட்டால் மீதி வேர்களுக்கு இறங்கும். அப்போது மோலினியா புல்லும் பிர்ச்சும், அதாவது ஆண்டுதோறும் இலையைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கட்டும் செலவாளிகள், சிக்கனக்காரியைத் தாண்டி உயர்கின்றன. பத்தாயிரம் ஆண்டு பஞ்சத்துக்குப் பழகிய செடிக்கு மேல், எங்கோ ஒரு மாட்டுத்தொழுவத்தின் உரம் மழையாக விழுந்துகொண்டிருக்கிறது.